சகலையின் கையுறை

என் அக்காள் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டாவது வார்த்தைக்கே எனக்கு மூச்சு முட்டும். அவருக்கு 'ர்' போட்டு எழுதுவதுகூட அக்காவின் முகத்துக்காகத்தான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் ஒரு வாரம் முழுக்க என் வீட்டுக்காரரின் வேலையும் பெயரும் இந்த மனுஷனுடைய வாயில்தான் இருந்தன. எங்களோடு பேச்சை நிறுத்தி ஆறு வருஷம் ஆகியிருந்த வாய் அது.

அத்தான் ஒரு லாரி ஓட்டுநருக்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். கடைசிப் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுப்பார்கள் என்பார்கள். இவரைச் செல்லம் கொடுக்காமலே கெடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் மருந்துக்கான மூலப்பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டிரம் உருட்டப் போனார். உருட்டிக்கொண்டே, ஆபரேட்டர்கள் செய்யும் தப்புகளை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போவாராம். அந்த வாயை அடைப்பதற்காகவே ஒருநாள் அவரை ரியாக்டரில், அதாவது ரசாயனங்களைக் கலந்து வினை நடத்தும் பெரிய கலனில், நிறுத்திப் பார்த்தார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நின்றவர் பிறகு இறங்கவே இல்லை. வலது புருவத்தில் பாதி கிடையாது. அந்த ஆரம்ப காலத்தில் போனது. எப்படிப் போனது என்று கேட்டால், "உனக்கு முழுசா இருக்குல்ல, அதை வச்சுப் பொழைச்சுக்கோ" என்பார். கேட்டவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நானும் அதே தொழிற்சாலையில்தான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் வேலை ஈரம் பார்ப்பது. கரைப்பான்களில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று கருவியில் பார்த்துச் சொன்ன பிறகுதான் அத்தானின் கொட்டகைக்குச் சரக்கு போகும். மாதிரிப் புட்டியை நீட்டினால் அவர் வாங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கை என் பக்கம் நீளும், கண் சுவரைப் பார்க்கும்.

அந்தக் கொட்டகை மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளித் தனியாக நிற்கும். அங்கே தயாராவதற்குப் பெயர் கிரிக்னார்டு. யாரோ ஒரு வெளிநாட்டு விஞ்ஞானியின் பெயர். எங்கள் ஆட்கள் வாயில் விழுந்து 'கிரி' ஆகிவிட்டது. செய்முறையைக் கேட்டால் சாதாரணமாக இருக்கும். கடைசல் பட்டறையில் சுருள் சுருளாக உலோகம் விழுமே, அந்த மாதிரி மக்னீசியச் சுருள். அதன் மேல் டி.எச்.எஃப். என்ற கரைப்பான், பெட்ரோலைப் போலத் தீப்பிடிப்பது. அதற்குள் புரோமைடு திரவத்தைச் சிறுகச் சிறுக விட்டால் மக்னீசியம் கரைந்து, அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கரைசல் வரும். அதுதான் கிரி. பார்க்கச் சாக்கடைத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆனால் கார்பனோடு கார்பனை ஒட்ட வைப்பது லேசான காரியம் இல்லை. அதை இது செய்யும். எத்தனையோ மாத்திரைகளும் வாசனைத் திரவியங்களும் இதன் தயவில்தான் பிறக்கின்றன.

அதற்கு ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டால் செத்துப்போகும். சும்மாவும் சாகாது, கொதித்து, தீப்பிடிக்கிற ஆவியைக் கக்கிவிட்டுத்தான் சாகும். காற்றும் ஆகாது என்பதால் கலனுக்குள் எப்போதும் நைட்ரஜன் நிறைந்திருக்கும். கொட்டகைக்குள் தண்ணீர்க் குழாய் ஒன்றுகூட வராது. கலனைச் சுற்றிச் சூடாக்கவும் குளிர வைக்கவும் ஓடுவது எண்ணெய். மக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது நெருப்புக்கு நாமே விறகு போடுகிற மாதிரி; காய்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும். வாசலில் மணல் வாளிகள் மூடி போட்டு வரிசையாக இருக்கும். மழை நாளில் அத்தான் உடுப்பு முழுவதையும் மாற்றி, தலையைத் துவட்டி, விரல் இடுக்குகளைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

இதைக் கொட்டகையோடு விட்டாரா என்றால் இல்லை. வீட்டிலும் ஈரத் தட்டு ஒன்று அலமாரிக்குள் போய்விட்டால் அன்றைக்கு அக்காவின் பாடு திண்டாட்டம்தான். குழாய் சொட்டினால் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் பெயரைச் சொல்லி அதட்டுவார். கொடியிலிருந்து எடுத்த துணியை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரமே ஆகாத வேலையைத் தேடிப் பிடித்திருக்கிறார், மனசுக்கு ஏற்ற வேலை என்று நான் ஒருநாள் சொன்னேன். அக்கா சிரித்தாள். சிரித்த மறுநொடி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரும்பலுக்காகவே நான் அந்த மனுஷனை வெறுத்தேன்.

கிரியில் ஈரத்தைவிடப் பெரிய ஆபத்து அவசரம். புரோமைடைப் பார்த்ததும் மக்னீசியம் உடனே வேலையை ஆரம்பித்துவிடாது. அதன் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கும், முரண்டு பிடிக்கும். முதலில் புரோமைடில் ஒரு சிறு பங்கை மட்டும் விட்டு, லேசாகச் சூடு காட்டி, ஒரு சிட்டிகை அயோடின் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழுப்பு நிறம் மறைந்து, கலங்கி, சூட்டை நிறுத்திய பிறகும் வெப்பமானி தானாக ஏறினால் 'பிடித்துவிட்டது' என்று அர்த்தம். அதற்கு அப்புறம்தான் மிச்சப் புரோமைடைக் குளிர வைத்துக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடலாம். பிடிக்காத வரைக்கும் மேற்கொண்டு ஒரு சொட்டும் கூடாது. விட்டால் அது உள்ளே சும்மா கிடக்கும். பிறகு எப்போதாவது பிடிக்கும்போது, கிடந்ததெல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் பிடிக்கும். அந்தச் சூட்டை எந்தக் குளிர்விப்பானாலும் தாங்க முடியாது.

சுலபமாகப் பிடிக்க வைக்க ஒரு வழி உண்டு. முந்தின கிரியில் கொஞ்சத்தைக் கலனின் அடியிலேயே விட்டுவைப்பார்கள், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. அதற்குப் பெயரும் 'உறை'தான். உறை இருந்தால் புதுச் சுருள் வம்பு செய்யாமல் பிடித்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது அத்தான்தான். அதை நான் மறைக்கவில்லை. மறைக்க அவர் விட்டதும் இல்லை. ரியாக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டபோது என் வீட்டுக்காரர் தினமும் வாங்கிய வசவுகளை வீட்டுக்கு வந்து சொல்லாமல் விழுங்குவார். நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்க, "இந்தச் செவுரே நான் போட்ட பிச்சைதான்" என்றார். என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றோடு சகலைகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பேச்சு நின்றாலும் ரியாக்டர் நிற்காதே. ஒருவர் காலையில் ஆரம்பித்ததை மற்றவர் பிற்பகலில் வந்து கையேற்க வேண்டும். ஷிப்ட் புத்தகத்தில் இருவரும் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். 'சரி' என்பது எதற்கு என்று அந்தப் புத்தகத்துக்கே தெரியாது. வாயைத் திறக்காமல் விஷயத்தைச் சொல்ல அத்தான்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரிடம் சொந்தமாக ஒரு ஜோடி தடித்த தோல் கையுறை உண்டு. கட்டைவிரல் கிழிந்த இடத்தை அக்கா சிவப்பு நூலால் தைத்திருந்தாள். கிரி பிடிக்காத வரைக்கும் புரோமைடு வால்வின் கைப்பிடியில் இடது கையுறையை மாட்டி வைப்பார். பிடித்ததும் எடுத்துவிடுவார். கையுறை தொங்கினால் தொடாதே. தொங்கவில்லை என்றால் பிடித்தாகிவிட்டது, மெதுவாக விடு. என் வீட்டுக்காரரும் தன் கையுறையை அப்படியே மாட்ட ஆரம்பித்தார். யாரும் யாருக்கும் சொல்லாமலே அது சட்டமாகிவிட்டது. மேலாளர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. ஆட்கள் அதற்குச் 'சகலை ரேடியோ' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

இருவரும் ஷிப்ட் மாறி மாறி வருவார்கள். பிடிக்காத கிரிக்குக் கையுறையை மாட்டிவிட்டு என் வீட்டுக்காரர் வீடு திரும்பிய நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அத்தான் பிடிக்க வைத்துவிட்டு, கேன்டீனுக்குள் நுழையும்போதே, "சின்ன சகலைக்கு இன்னிக்கும் அடுப்புப் பத்தலை" என்பார். சிரிப்பு அடங்க நேரமாகும். தன் முறையில் அவர் ஒரு தடவைகூடக் கையுறையைத் தொங்க விட்டு என் வீட்டுக்காரரிடம் கொடுத்ததில்லை. "நான் கை வச்சா கல்லுகூடப் பிடிக்கும்" என்பது அவருடைய பாட்டு.

இந்த நேரத்தில் புது மேலாளர் ஒருவர் வந்தார். முதலாளியின் மருமகன், முதுகுக்குப் பின்னால் எல்லாரும் 'மாப்பிள்ளை' என்போம். கெட்டவர் இல்லை, ஆனால் ஒழுங்குப் பைத்தியம். மேசை மேல் பேனா கோணலாகக் கிடந்தால்கூட நேராக்கிவிட்டுத்தான் பேசுவார். சரக்கு வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. கலனின் அடியில் பழைய கிரி கிடப்பது அவருக்குக் கழுவாத பாத்திரமாகத் தெரிந்தது. முந்தின நாளே கலனைக் காலி செய்து, முறைப்படி செயலிழக்க வைத்து, கழுவிக் காய வைக்கச் சொன்னார். உறை போயிற்று. அத்தான் தடுத்திருக்கலாம். அவரோ, ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது, தனக்கு உறையெல்லாம் தேவையில்லை, உறை வேண்டியது கை நடுங்குகிறவர்களுக்கு என்றார். யாரைச் சொன்னார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஷிப்ட் அத்தானுடையது. நான் பார்த்துக் கொடுத்த கரைப்பான் நன்றாகவே காய்ந்திருந்தது. கழுவிய கலனின் அடி வால்வுக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்த ஈரம் மட்டும் போகவில்லை என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

என் வீட்டுக்காரர் பிற்பகல் ஷிப்டுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வெளியே ஓடினேன். கலன் வெடிக்காமல் இருப்பதற்காக மேலே வைத்திருக்கும் பாதுகாப்புத் தகடு கிழிந்து, கொதித்த கரைப்பான் வெளிக்குழாய் வழியாக ஆவியாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அது தீப்பிடிக்கவில்லை. ஆனால் கலனுக்குள் எட்டிப் பார்க்கப் பதித்திருந்த கண்ணாடியின் விளிம்பு விட்டுக்கொடுத்து, அந்த வழியாக அடித்த வீச்சு என் வீட்டுக்காரர் மேல் பட்டிருந்தது. முகக் கவசம் போட்டிருந்ததால் முகம் பிழைத்தது. இரண்டு கைகளும் வெந்துவிட்டன. கண்களில் ஆவி பட்டிருந்தது. கட்டை அவிழ்த்த பிறகுதான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார் மருத்துவர்.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது இதுதான். வால்வில் கையுறை இல்லை. வெப்பமானி சூடு காட்டியது. பிடித்துவிட்டது என்று நம்பி, குளிர் எண்ணெயை ஓட விட்டு, வால்வைக் கொஞ்சம்தான் திறந்தார். அதற்குள் கலன் உறுமியது. நீங்களே ஒரு தடவை சரிபார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"அந்தாளு பொய் சொல்வான், கையுறை பொய் சொன்னதில்ல" என்றார்.

புரோமைடு டேங்கில் பாதி காலியாகியிருந்தது. முதல் பங்காக விட வேண்டியதோ அதில் மிகச் சிறிய அளவு. மிச்சத்தை யார் விட்டது? புத்தகத்தில் 'சரி' என்று இருந்தது. வால்வில் கை வைத்த நிலையில் அடிபட்டவர் என் வீட்டுக்காரர். மாப்பிள்ளைக்கு அது போதும். பிடிக்காத கிரியில் பாதி டேங்க்கை ஊற்றியவனுக்கு இந்தத் தொழிலிலேயே இடம் கிடையாது, அரசாங்க ஆய்வாளர் வந்து விசாரித்து முடித்ததும் அனுப்பிவிட வேண்டியதுதான் என்று எல்லாரிடமும் சொன்னார். வெந்த கையோடும் அந்தக் கெட்ட பெயரோடும் வெளியே போகிறவரை எந்த வாசலில் சேர்ப்பார்கள்? காலையில் என்ன நடந்தது என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவர் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்.

எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். அன்றைக்குக் கிரி பிடிக்கவில்லை. கையுறையைத் தொங்க விட்டால் என் வீட்டுக்காரர் முன்னால் தலை குனிய வேண்டும். தலை குனிய மனசில்லாமல் மாட்டாமலே போய்விட்டார். தெரிந்தே போய்விட்டார்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நான் வந்து நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

"கையுறைய மாட்டினீங்களா இல்லையா, அத்தான்?" என்று கேட்டேன்.

துண்டு நான்காக மடிந்தது. அடுத்த துணியை எடுத்தார். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். சுவரைப் பற்றிச் சொன்னதிலிருந்து கேன்டீன் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கடைசியாக, என் வீட்டுக்காரர் கண் போனால் அது உங்கள் கணக்கு என்றேன். அத்தான் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, கையுறை ஒன்றை என் காலடியில் விசிறிப் போட்டார். வலது கை கையுறை. போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாய்க்கு எலும்பு போடுகிறவன்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் போடுவான்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். "என் வீட்டுக்காரருக்குச் சாப்பிடக் கையே இல்லக்கா" என்று சொல்லிவிட்டு உதறிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஆள் செத்துத் தொலைந்தால் நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்தேன். அக்கா என்ன ஆவாள் என்றுகூட யோசிக்கவில்லை.

விசாரணை மாப்பிள்ளையின் கூட்ட அறையில் நடந்தது. ஆய்வாளர் நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பெண்மணி. குரலை உயர்த்தாமல் கேட்பார். பதில் வருகிற வரைக்கும் பேனாவைக்கூட அசைக்க மாட்டார். கரைப்பானின் ஈர அளவைச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சொல்லி முடித்த பிறகும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. யாரும் எழச் சொல்லவும் இல்லை.

காலை ஷிப்டிலிருந்து பிற்பகல் ஆளிடம் எப்படி ஒப்படைத்தீர்கள் என்று அவர் அத்தானைக் கேட்டார். பிடிக்கவில்லை, அதனால் கையுறையை வால்வில் மாட்டிவிட்டு வந்தேன் என்றார் அத்தான். ஆய்வாளருக்குப் புரியவில்லை. அத்தான் மூன்றே வாக்கியத்தில் விளக்கினார். பொய், பச்சைப் பொய் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது மாப்பிள்ளை, மேசை மேல் இருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டே, "அந்த அழுக்குக் கையுறையா? சிவப்பு நூல் போட்டது? விருந்தாளிங்க உள்ள வர்ற நேரம், அசிங்கமா தொங்கிட்டிருந்தது. நான்தான் எடுத்துக் குப்பை டிரம்ல போட்டேன்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே புரிந்தது. அடுக்கிய காகிதத்தின் மேல் கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு அந்த வலது கை கையுறை நினைவுக்கு வந்தது. ஜோடியில் ஒன்றுதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொன்றை மாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதைத்தான் என் காலடியில் விசிறிச் சொல்லியிருக்கிறார். வாயால் சொல்ல ஒரு வார்த்தை போதாதா? எனக்கு வெட்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஆய்வாளருக்கும் அதுவே தோன்றியிருக்க வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் இருவரும் ஒரே வாசலில்தானே கடந்து போகிறீர்கள், வாயால் சொல்லியிருக்கலாமே என்றார்.

"பேச்சு இல்லீங்க" என்றார் அத்தான்.

ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு டேங்க் விஷயத்துக்கு வந்தார். கையுறை காணாமல் போனது ஒரு பக்கம். பாதி டேங்க் எப்படிக் காலியானது? மாப்பிள்ளை தெம்பு வந்தவராக நிமிர்ந்தார். காலை ஆள் பழுத்த அனுபவசாலி, முதல் பங்குக்கு மேல் விட்டிருக்க மாட்டார், கையுறையை மாட்டியதே அதற்குச் சாட்சி. ஆகவே மிச்சம் முழுவதும் பிற்பகல் ஆளின் கண்மூடித்தனம் என்றார். கேட்க நியாயமாகவே இருந்தது. ஆய்வாளரும் தலையை ஆட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அத்தான் ஒன்றும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். கையுறையை மாட்டிய நல்லவர் என்று பெயரோடு வீட்டுக்குப் போகலாம். சும்மா இருப்பது அவருக்கு ஆறு வருஷப் பழக்கம். நான் அவர் வாயையே பார்த்தேன். வாழ்க்கையில் வேறு யாருடைய வாயையும் அப்படிப் பார்த்ததில்லை.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவனுக்கு அவ்ளோ ஊத்துற தைரியமெல்லாம் கிடையாதுங்க. பயந்தாங்கொள்ளி. ஒரு சொட்டு விடுவான், நின்னு பார்ப்பான், அப்புறம் இன்னொரு சொட்டு விடுவான். ஊத்தினது நான்தான். பிடிக்கலை, மறுபடி ஊத்தினேன். அப்பவும் பிடிக்கலை. அவன் வர்றதுக்குள்ள பிடிச்சாகணும்னு திரும்பத் திரும்ப ஊத்தினேன். வாசல்ல அவன் தலையப் பார்த்த பிறகுதான் கையுறைய மாட்டினேன்."

பிடிக்காத கிரியில் ஊற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாதா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியும் என்றார் அத்தான்.

"பின்ன ஏன்?"

"பிடிக்கலைன்னா அவன் சிரிச்சிருப்பான்."

அத்தானை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் நாற்காலியை உரசிக்கொண்டுதான் போனார். என் பக்கம் திரும்பவில்லை. இப்போது ஒரு மரக்கடையில், ஈர மரத்தைக் காய வைக்கும் அறையைப் பார்த்துக்கொள்கிறார். அங்கேயும் யாரோடும் ஒத்துப்போகவில்லை என்று அக்கா சொல்கிறாள். எங்களோடு இன்னும் பேச்சு கிடையாது. தொழிற்சாலையில் புரோமைடு வால்வுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஷிப்ட் மாறும்போது இருவரும் நேருக்கு நேர் நின்று வாயால் சொன்னால்தான் சாவி கை மாறும். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கேட்கிறார். என் வீட்டுக்காரருக்குப் பார்வை பிழைத்தது, வேலையும் பிழைத்தது. கைகளில் தோல் இன்னும் இரண்டு நிறமாக இருக்கிறது.

விசாரணை முடிந்ததும் நான் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்போது அவருக்குக் கண்ணிலும் கையிலும் கட்டு. வேலை போகாது, பெயர் கெடாது என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு, அத்தான் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பயந்தாங்கொள்ளின்னா சொன்னான்? எனக்கா தைரியம் இல்ல?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். உங்களுக்காகத் தன் பிழைப்பையே அறுத்துக்கொண்டு போயிருக்கிறார், உங்கள் காதில் அந்த ஒரு வார்த்தைதானா விழுந்தது என்று கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். அத்தானுக்காக நான் ஒருவரோடு சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் என் வீட்டுக்காரரோடு. இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், நர்ஸ் வந்து அதட்டியதால் நிறுத்தினேன்.

அவர் மெல்லச் சாய்ந்து படுத்தார். கட்டுப் போட்ட கைகளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் கிடந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"சிரிச்சிருப்பேன்" என்றார்.